ஈயப்பெட்டிக்கு வைத்த பொட்டு

சென்ற மாதம் சேலத்தில் புது ஓட்டுநர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கதிரியக்கக் கழிவு ஏற்றிச் செல்லும் வண்டிகளை ஓட்டப் போகிறவர்கள். அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். காபி சுமார்தான். ஏற்காட்டு மலையடிவாரத்தில், குப்பனூரில் பிறந்தவனுக்கு எந்த ஊர்க் காபியும் சுமார்தான்.

அங்கே ஒரு புதுவிதப் பூட்டைக் காட்டினார்கள். மின்சார முத்திரையாம். கழிவு இருக்கும் டிரம்மின் மூடியில் இதை மாட்டிவிட்டால் போதும். வழியில் யாராவது தொட்டால், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்று அதிகாரியின் செல்போனுக்குச் செய்தி போய்விடும். எங்கள் காலத்தில் கம்பியை முறுக்கி, நுனியில் ஈயக்குண்டு வைத்து, இடுக்கியால் நசுக்கி எண் போடுவோம். அவ்வளவுதான். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஓமலூர்ப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க காலத்துல டிரம் சீலை யாரும் தெரியாம ஒடைச்சதில்லீங்களா?"

"நானே ஒருக்கா ஒடைச்சிருக்கறனுங்க. அது சீலுன்னு ஒடைக்கறப்பத் தெரியல" என்றேன்.

சிரித்தார்கள். விளக்கமாகச் சொல்ல நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அது மனசில் கிடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் ஏற்காட்டில் பாக்சைட் லாரி ஓட்டினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் லோடோடு இறங்கிப் பழகியவன் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தகுதி. கடற்கரையோரம் இருந்த ஓர் அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் வகுப்பு. அதில் சொல்லித் தந்ததை மூன்று வரியில் அடக்கிவிடலாம்: பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி நில், நடுவில் ஈயத்தையோ காங்கிரீட்டையோ வை. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பட்டை கொடுத்தார்கள். உடம்பில் எவ்வளவு பட்டது என்று அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். நான் என்னமோ குண்டு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று என் மனைவி முதல் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. புற்றுநோய்க்கு வைத்தியம் செய்ய ஆஸ்பத்திரிகளில் வைத்திருந்த சின்னச் சின்னக் கதிரியக்கக் குழாய்கள், ஆலைகளில் தகட்டின் கனம் பார்க்க மாட்டியிருந்த கருவிகளின் உள்பாகங்கள், இப்படித்தான் பெரும்பாலும் வரும். அதற்குரியவர்களுக்கு உபயோகம் முடிந்திருக்கும். அதற்கு உயிர் முடிந்திருக்காது. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதுதான் எங்கள் வேலை.

எனக்கு அதிகாரியாக இருந்தவர் சுகுணா மேடம். தஞ்சாவூர்ப் பக்கம். குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. ஆனால் அவரிடம் வேலை பார்ப்பதற்கு, திட்டுகிற அதிகாரி நாலு பேரிடம் பார்த்துவிடலாம். எங்கே போனாலும் கைப்பையில் ஒரு டேப், ஒரு பூதக்கண்ணாடி, மூன்று பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், மழையில் நனைந்தால் எழுத்து கரைந்துவிடுமாம்.

சரக்கு எடுக்கப் போகும் முன் பாதையை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற அதிகாரிகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்கள். மேடம் அப்படி இல்லை. வண்டியில் டிரம் எங்கே வரப் போகிறதோ அதே இடத்தில் ஒரு வாளியைக் கட்டச் சொல்வார். அதில் குறிப்பிட்ட கோடு வரைக்கும் தண்ணீர். அடிவாரம் வந்து சேர்ந்ததும் இறங்கிப் போய் ஸ்கேலை விட்டு அளப்பார்.

"அர்த்தனாரி, நாலு விரற்கடை குறைஞ்சிருக்கு."

"எதிர்ல பஸ் வந்துருச்சுங்க மேடம், பிரேக் போட வேண்டியதாப் போச்சு."

"நாளைக்கும் பஸ் வருமே."

திரும்ப மேலே ஏறுவோம். அரை விரற்கடைக்கு மேல் குறையாமல் இறங்கும் வரை விடமாட்டார். லாரிக்காரன் நான், என் ஓட்டலைத் தண்ணீரை வைத்து ஒரு பெண் அளக்கிறாரே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், என் மனைவியைப் பஸ்ஸில் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது நானே அந்த ஓட்டுநரை மனசுக்குள் வாளி வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு பழக்கம் அவரிடம் உண்டு. ஒன்று, எதையும் முதலில் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். இரண்டு, கழிவுப் பெட்டியைத் தொட்ட எதையும் வெளியே எறியக் கூடாது. துடைத்த துணி, காகிதம், பிய்த்த ஒட்டுத்தாள், விழுந்த துரு, எல்லாம் பாலித்தீன் பையில் போட்டு எண் எழுதி வைக்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது மேடம்" என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் மாறும். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க" என்பார்.

இனி அந்த ஆஸ்பத்திரி. ஏற்காடு டவுனைத் தாண்டி எஸ்டேட்டுகளுக்கு நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. ஒரு டாக்டர் அந்தக் காலத்தில் கட்டி, கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு ரேடியம் வைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார். ரேடியம் என்றால் பாதித் தீக்குச்சி அளவு பிளாட்டினக் குழாய்க்குள் அடைத்தது. அப்படி ஒன்பது குழாய். வயதான பிறகு அந்த வைத்தியத்தை விட்டுவிட்டார். அவர் இறந்த பின் ஆஸ்பத்திரி படுத்துவிட்டது. இழுத்து மூடும் முன் ரேடியத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அதன் மேனேஜர் எழுதியிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதையில் சுற்றுலாக் கூட்டம் அதிகம் என்று, கூட்டம் குறைந்த குப்பனூர்ப் பாதையில் இறக்குவதாக முடிவு. வாளிப் பரீட்சை முந்தின நாளே முடிந்திருந்தது. பாதுகாப்புக்கு ஜீப்பில் ஓர் ஏட்டையாவும் ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார்கள்.

ஸ்டோர் ரூம் சாவி வெள்ளையம்மா என்பவரிடம் இருந்தது. பக்கத்து மலையூரான கொட்டச்சேட்டுக்காரர், ஐம்பது வயதுக்குள் இருக்கும், ஆஸ்பத்திரி ஆயா. கதவைத் திறந்துவிட்டு, யாரும் சொல்லாமலே பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். உள்ளே மூலையில் ஒரு மேடை மேல் ஈயப்பெட்டி. ஒரு அரிசி டின் அளவுதான், எடை இரண்டு ஆள் எடை. அதன் முன்பக்கம், மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் கொண்டியின் மேலே, சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி, ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாக ஒரு பொட்டு காய்ந்து பாறையாகக் கிடந்தது.

மேடம் மீட்டரை வைத்து அறையை அளந்தார். பெட்டியின் பக்கங்களைக் காகிதத்தால் துடைத்து, கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதை எழுத வராந்தாவுக்குப் போனார். உள்ளே இருக்கும் குழாய்களை எண்ணிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். கொண்டி அசையவில்லை. பொட்டு பிடித்துக்கொண்டிருந்தது. நான் வாசலைப் பார்த்து,

"ஏனம்மா, இதென்ன கோயில் உண்டியலா? இதுக்குப் போயி இத்தன பொட்டு வெச்சிருக்கறயே" என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பெயிண்ட் சுரண்டும் பட்டிக் கத்தியை வைத்து ஒரு நெம்பு நெம்பினேன். பொட்டு குறுக்கே இரண்டாக உடைந்து தெறித்து விழுந்தது. கொண்டி விட்டுவிட்டது. கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கி, பழக்கதோஷத்தில், மூன்றாம் எண் பையில் போட்டேன். பார்த்து, எழுதி, பிறகு தொட வேண்டும் என்ற முதல் பழக்கம் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. குங்குமம்தானே என்று நினைத்துவிட்டேன்.

மேடம் வந்தார். நீள இடுக்கியும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, முகத்தை நேரே நீட்டாமல், கண்ணாடியில் பார்த்து எண்ணினார். மூடினார். என்னிடம் நேரம் குறித்துக்கொள்ளச் சொன்னார். திரும்பத் திறந்து எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டு,

"எட்டுதான் இருக்கு" என்றார்.

எண்ணிக்கை கேட்க வந்து நின்ற மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பழைய பதிவேட்டைப் பார்த்து ஒன்பது என்று கையெழுத்துப் போட்டு எங்களுக்கு எழுதியவர் அவர், பயந்துவிட்டார். பயந்தவர்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

"மேடம், மூணு வருஷம் முன்னாடி பழைய இரும்புக் கட்டிலையெல்லாம் ஒரு பழைய இரும்புக்காரருக்கு வித்தோம். அன்னைக்கு ஸ்டோரைத் தொறந்து விட்டது இந்த அம்மாதான். பிளாட்டினம்னு யாரோ ஆசை காட்டியிருக்கணும். சாவி வேற யார்கிட்டயும் கெடையாது. நான் கம்ப்ளெய்ண்ட் எழுதித் தரேன். ஏட்டையா இங்கயே இருக்காரு."

வெள்ளையம்மா பத்தடி தூரத்தில் இருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"சாமி சத்தியமா நான் எடுக்கலீங்க. அந்தப் பொட்டியத் தொட்டதே கெடையாதுங்க. ஆயுத பூசையன்னிக்குப் பொட்டு வெக்கறதோட சரிங்க."

"எதுக்கு இதுக்குப் பொட்டு வெச்சீங்க?" என்று மேடம் கேட்டார்.

"எல்லாச் சாமானத்துக்கும் வெப்பமுங்க. கட்டிலு, ஸ்ட்ரெச்சரு, கத்திரி எல்லாத்தையும் கழுவித் தொடச்சுப் பொட்டு வெப்பனுங்க. இத மட்டும் கழுவக் கூடாது, தொடைக்கக் கூடாது, கிட்டப் போனா வெரசா வந்துரணும்னு டாக்டரய்யா சொல்லியிருந்தாருங்க. இதுவும் நாலு பொம்பளைங்களப் பொழைக்க வெச்ச சாமானந்தானுங்களே, விட மனசு வல்லீங்க. அதனால பழச அழிக்காம அதுமேலயே, கைய நீட்டி ஒரு பொட்டு வெச்சுட்டு ஓடியாந்துருவனுங்க."

ஏட்டையா பேச்சை முடித்துக்கொள்ளும் குரலில், "எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல வந்து சொல்லும்மா" என்றார். அந்த அம்மா அழவில்லை. சாவிக்கொத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேனேஜர் மேஜையில் வைத்தார். "கொட்டச்சேட்டுக்கு ஆள் அனுப்பி எம் மவகிட்டச் சொல்லிருங்க. ஊர்க்காரங்க வாயில கேக்க வேண்டாம்" என்றார்.

பொட்டைப் பற்றி அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பழையதை அழிக்காமல் அதன் மேலேயே பொட்டு. மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில். யாராவது மூடியைத் திறந்திருந்தால் அந்தப் பொட்டு உடைந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் முழுசாக இருந்திருக்க வேண்டும். முழுசாகத்தான் இருந்தது. அதைக் கிட்டத்தில் பார்த்தவன் நான் ஒருவன். உடைத்தவனும் நான். எங்கள் ஈயக்குண்டு முத்திரையை உடைத்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். இந்த அம்மாவுடைய முத்திரையை உடைத்துவிட்டு, உண்டியலா என்று வேறு கேட்டிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நான் சுரண்டியதை யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒரு யோசனை வந்து, ஒரு நிமிடம் நின்று, போனது என்பதையும் எழுதிவிடுகிறேன். நல்லவன் வேஷம் போட இதை எழுதவில்லை.

"மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டனுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"உடைஞ்சதை எங்க போட்டீங்க?"

"பையிலங்க. மூணாம் நம்பர்."

அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

வராந்தா வெளிச்சத்தில் ஒரு எனாமல் தட்டை வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பையில் இருந்ததைக் கொட்டினார். பெரிய துண்டுகள் இரண்டு, மற்றது தூள். மீட்டரால் தடவிப் பார்த்துச் சுத்தம் என்று எழுதினார். பிறகு துண்டுகளைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் நடுவாக, நூல் பிடித்தது மாதிரி ஒரு மேடு ஓடியது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்த இடுக்கில் சந்தனம் இறங்கிக் காய்ந்த மேடு. என் கத்தி அதற்குக் குறுக்கே உடைத்திருந்ததால், உடைந்த ஓரத்தில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. ஒரு அடுக்குகூட அந்த மேட்டின் மேலே வெடித்திருக்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஓட்டம்.

மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பென்சில் முனையால் எண்ணினார். எழுதினார். எழுதியதை யாருக்கும் காட்டாமல் தாளை மடித்துவிட்டு வெள்ளையம்மாவைக் கூப்பிட்டார்.

"சாவி உங்க கைக்கு வந்து எத்தனை ஆயுத பூஜை ஆச்சு?"

வெள்ளையம்மா விரல் விட்டு எண்ணினார். "பதிமூணுங்க."

மேடம் பென்சிலை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்ததும் கணக்கு இடிக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேனேஜருக்கும் புரிந்திருக்கும், ஏட்டையாவைப் பார்த்தார்.

"பதிமூணு வருஷமும் நீங்கதான் வெச்சீங்களா?"

"நாந்தானுங்க." மறுபடி விரலை மடக்கிப் பார்த்தார். "இல்லீங்க. எங்க மாமனாரு தவறுன வருசம் வெக்கலீங்க. ஊட்டுல தீட்டு, அந்த வருசம் எந்த நோம்பியும் கும்புடலீங்க. மத்த சாமானத்துக்கு நர்சம்மா வெச்சாங்க. இதுகிட்டப் போறதுக்கு அவிங்களுக்குப் பயமுங்க."

மேடம் மடித்த தாளைப் பிரித்து ஏட்டையா கையில் கொடுத்தார். பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

பூதக்கண்ணாடி ஒவ்வொரு கையாக மாறியது. மேனேஜர் எண்ணிப் பார்த்து முதலில் பதினொன்று என்றார், மறுபடி எண்ணிப் பன்னிரண்டு என்றார். அடிவரைக்கும் ஒரு அடுக்குகூட வெடிக்காமல் இருக்கும்போது, மூன்று வருடத்துக்கு முன் இரும்புக்காரர் எப்படி மூடியைத் திறந்திருக்க முடியும்? சாவி வெள்ளையம்மா கைக்கு வந்த பிறகு அந்தப் பெட்டி திறக்கப்படவே இல்லை. எட்டுக் குழாய் இருக்கும்போதுதான் அது அவரிடம் வந்திருக்கிறது. அவருக்கு முன்பு அதைத் திறந்து மூடியவர் டாக்டர் ஒருவர்தான். மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த புகாரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மேஜையில் இருந்த சாவிக்கொத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் நீட்டினார். வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒன்பதாவது எங்கே என்ற கேள்வி மிச்சம். "வெளிய போகலைன்னா இங்கதான் இருக்கணும். ஆயிரம் வருஷம் ஆனாலும் அது அடங்காது. நாம கூப்பிட்டா அது பதில் சொல்லும்" என்றார் மேடம். மறுநாள் காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்க நடந்தோம். வார்டு, சாக்கடை, சலவைக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் அந்தக் காலத்தில் கட்டுத்துணி எரித்த குழி ஒன்று மூடிக் கிடந்தது. அதன் மேல் சௌசௌப் பந்தல். பந்தலுக்குள் நாலடி போனதும் மீட்டரின் கிர்கிர் சத்தம் நெருங்கிவிட்டது. தள்ளி நின்று, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் பழைய சாம்பலுக்கு நடுவே கிடந்தது. நோயாளிக்கு வைத்த பஞ்சோடு சேர்ந்து எரியப் போயிருக்கிறது. நெருப்பு அந்தக் குழாயை ஒன்றும் செய்யவில்லை. டாக்டருக்குத் தெரியுமா, தெரிந்தே பேசாமல் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இறந்தவரை யார் கேட்பது.

வெள்ளையம்மா தூரத்தில் இருந்து கேட்டார். "நான் தெனமும் அங்கதானுங்க காய் பறிச்சேன். எனக்கு என்னங்க ஆவும்?"

நானாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருப்பேன். மேடம் பந்தலுக்கடியில் அந்த அம்மா நிற்கும் உயரத்தில் அளந்து, தினம் எத்தனை நேரம் நிற்பீர்கள் என்று கேட்டு, படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். "இந்த அர்த்தனாரிக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவு வரைக்கும் படலாம்னு சட்டம் இருக்கு. உங்களுக்கு வருஷத்துக்கு அதுல கால் பங்கு பட்டிருக்கும். பூஜ்யம்னு சொல்ல மாட்டேன். சேலத்துல ரத்தம் பாத்துடுவோம், நானே கூட வரேன்" என்றார். சொன்னபடி போனார். ரத்தம் நன்றாகவே இருந்தது.

குழாயையும் சுற்றி இருந்த மண்ணையும் சேர்த்து, ஈயப்பெட்டியையும் இரும்பு டிரம்முக்குள் இறக்கி, மஞ்சள் எச்சரிக்கைத் தாளை ஒட்டி, கம்பி முறுக்கி ஈயமுத்திரை நசுக்கினேன். பிறகு வெள்ளையம்மாவிடம் போனேன்.

"தப்புங்கம்மா. நான் பாக்காம ஒடைச்சுட்டேன். பேசுனதும் தப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அப்படிக் குறுக்கால ஒடைக்கலீன்னா அடுக்கு எப்படிங்க தெரிஞ்சிருக்கும்?" என்றார். "ஆனா உண்டியலான்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் நொம்ப வருத்தமாப் போச்சு."

பின்னால் நின்றிருந்த மேடம் டேப்பை எடுத்தார். டிரம்மில் எச்சரிக்கைத் தாளிலிருந்து ஒரு சாண் தள்ளி அளந்து, மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"வெள்ளையம்மா, குங்குமம் இருக்கா? இங்க வைங்க. ஆனா வெச்சதும் வெரசா வந்துடணும்."

அந்த அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, சந்தனம் குழைத்து, மோதிர விரலால் வட்டத்துக்குள் அடங்கும்படி வைத்தார். மேல் குங்குமம். மேடம் சரக்குத் தாளில் முத்திரைகள் என்ற இடத்தில் ஈயக்குண்டின் எண்ணை எழுதி, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். அதற்கும் கீழே, பழைய பெட்டியின் முத்திரையை உடைத்தவர் யார் என்ற இடத்தில், என்னையே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

குழியை மறுபடி அளக்க வேண்டி மேடம் மலையிலேயே தங்கிவிட்டார். நான் ஜீப்புக்குப் பின்னால் குப்பனூர்ப் பாதையில் இறங்கினேன். காபிச் செடிக்கு நடுவே இரண்டாம் கியரில், வாளியை நினைத்துக்கொண்டு. அடிவாரத்தில் என் வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். சரக்கோடு போகும்போது எங்கேயும் நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், கையை மட்டும் தூக்கினாள்.

மறுநாள் மதியம் கடற்கரையில் சரக்கை ஒப்படைத்தேன். வாங்கிக்கொள்ள ஒரு புது அதிகாரி வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார், ஈயக்குண்டின் எண்ணைச் சரிபார்த்தார். டிரம்மைச் சுற்றி வந்தவர் பொட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மலையில பூஜை போட்டு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டபடி, துடைப்பதற்குப் பைக்குள்ளிருந்து துணியை எடுத்தார்.

அத்தனை வருட வேலையில் ஓர் அதிகாரியின் கையை நான் தடுத்தது அந்த ஒரு தடவைதான்.

"சார், அது முத்திரைங்க. பாத்து எழுதிட்டு அப்புறம் தொடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மேடத்தின் பென்சில் எழுத்தில் இரண்டாவது வரி இருந்தது: சந்தனம், குங்குமம், ஒன்று, வைத்தவர் வெள்ளையம்மா. துணியை உள்ளே வைத்துவிட்டு, குனிந்து, மூடி சேரும் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரிக்கு எதிரே எழுதினார்: உடையவில்லை.